தியோத்திவாக்கானை ஆண்டவர் யார்?

மெக்சிகோ நகரத்தின் வடக்குப் பேருந்து நிலையத்தில், முகப்பில் 'பிரமிடுகள்' என்று எழுதியிருக்கும் பேருந்தில் ஏறி உட்கார்ந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தியோத்திவாக்கான் வந்துவிடும். சீட்டு வாங்கி உள்ளே போனதும் கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் வேலை. எங்கிருந்தோ ஜாகுவார் உறுமும். திடுக்கிட்டுத் திரும்பினால், களிமண் ஊதல் விற்கிறவர் சிரித்துக்கொண்டு நிற்பார். பக்கத்தில் இன்னொருவர் கறுத்த எரிமலைக் கண்ணாடிக் கல்லில் செய்த ஆமைகளையும் முகமூடிகளையும் துணியில் பரப்பியிருப்பார். அதற்கப்புறம்தான் தெரு கண்ணில் படுகிறது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வளைவு நெளிவில்லாமல் ஓடி, நிலவுப் பிரமிடின் காலடியில் முட்டி நிற்கும் தெரு. வழியில் வலப்பக்கம் சூரியப் பிரமிடு. ஏறக்குறைய 2,300 மீட்டர் உயரத்துச் சமவெளி என்பதால் பாதித் தெரு நடப்பதற்குள் மூச்சு வாங்கும்.

பழைய கட்டடம் எதைப் பார்த்தாலும் "எந்த ராஜா கட்டினது?" என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். இங்கே அந்தக் கேள்விக்கு அறிவிப்புப் பலகையிலும் பதில் இல்லை, அருங்காட்சியகத்திலும் இல்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்திருக்கக்கூடிய நகரம். சுமார் 20 சதுர கிலோமீட்டர் பரப்பு. கிறிஸ்து பிறப்பதற்குச் சற்று முன்னே வளரத் தொடங்கி ஆறாம் நூற்றாண்டு வரை மத்திய மெக்சிகோவில் அதற்கு நிகரில்லை. ஆனால், "நான் இந்த ஊரின் அரசன்" என்று சொல்லும் ஒரு சிலையோ ஓவியமோ கல்லறையோ இதுவரை இங்கே உறுதியாக அடையாளம் காணப்படவில்லை. அரசன் இருந்தான், சான்றுதான் தொலைந்தது என்று ஒரு சாரார். அரசனே இல்லாமல் நடந்த நகரம் என்று இன்னொரு சாரார். நூறு ஆண்டு அகழாய்வுக்குப் பிறகும் வழக்கு முடியவில்லை.

முதலில் பெயர் விஷயம். தியோத்திவாக்கான் என்பது நாவாட்டில் மொழிச் சொல். தெய்வங்கள் பிறந்த இடம், தெய்வமாகும் இடம் என்றெல்லாம் பொருள் சொல்வார்கள். அதைச் சூட்டியவர்கள் ஆஸ்டெக்குகள், நகரம் பாழாகிப் பல நூற்றாண்டுகள் கழித்து. சூரியப் பிரமிடு, நிலவுப் பிரமிடு என்ற பெயர்களும் அவர்கள் வாய்வழி வந்தவை. நடுத்தெருவை அவர்கள் 'இறந்தோர் தெரு' என்றார்கள். இருபுறமும் மண்மூடிக் கிடந்த மேடைகளைக் கல்லறைகள் என்று நினைத்துவிட்டார்கள். உலகம் இருண்டு கிடந்தபோது தெய்வங்கள் இங்கே கூடித் தீ வளர்த்ததாகவும், உடம்பெல்லாம் புண்ணான எளிய தெய்வம் நானாவாட்சின் தயங்காமல் அந்தத் தீயில் குதித்துச் சூரியனாக எழுந்ததாகவும், தயங்கி நின்ற பணக்காரத் தெய்வம் பின்னால் குதித்து நிலவானதாகவும் அவர்கள் சொன்ன கதையைப் பதினாறாம் நூற்றாண்டில் சாகுன் என்ற பிரான்சிஸ்கன் துறவி எழுதி வைத்தார். அருமையான கதை. ஆனால் நகரத்தைக் கட்டியவர்கள் அதை நம்பினார்களா என்பதற்கு அது சாட்சியாகாது. ஆஸ்டெக்குகளும் நம்மைப் போல இடிபாடு பார்க்க வந்தவர்கள்தாம்; இங்கே தோண்டி எடுத்த பழம்பொருள்களைக் கொண்டுபோய்த் தங்கள் தலைநகரின் பெருங்கோயிலில் காணிக்கையாகப் புதைத்தார்கள்.

இடையில் ஒரு சொல். மயன் என்ற பெயரையும் மாயா மக்களையும் முடிச்சுப்போட்டு, அங்கே இருப்பதெல்லாம் நம் சிற்பிகள் கட்டியது என்று பேசும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஒலி ஒத்திருப்பதைத் தவிர அதற்கு ஆதாரம் இல்லை. போதாக்குறைக்கு, தியோத்திவாக்கான் மாயா நகரமும் அன்று. மாயா நிலம் கிழக்கே பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. இரண்டுக்கும் உறவு இருந்தது. அது வேறு கதை, பின்னால் வருகிறது.

இன்று நாம் நின்று பார்க்கும் சூரியப் பிரமிடு பழையவர்கள் கட்டிய வடிவில் இல்லை என்பதையும் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது. 1905-இல் சர்வாதிகாரி போர்ஃபிரியோ தியாஸின் ஆட்சியில், தொல்சின்னங்களின் மேற்பார்வையாளரான லியோபோல்டோ பாட்ரெஸ் அதைத் துப்புரவு செய்யத் தொடங்கினார். 1910-இல் விடுதலைப் போரின் நூற்றாண்டு விழா. அதற்குள் உலகத்துக்குக் காட்ட ஒரு பிரமிடு வேண்டும். மேலே மூடியிருந்த மண்ணோடு நிற்காமல், உள்ளே இன்னொரு நல்ல முகப்பு இருக்கும் என்று நம்பிச் சில பக்கங்களில் பல மீட்டர் ஆழத்துக்கு உரித்துவிட்டார். அசல் மேற்பூச்சு போயிற்று. உட்புற மண் மழையில் கரைய ஆரம்பித்ததும் அவசரமாகக் கல்லும் சாந்தும் வைத்துப் பூசினார்கள். இன்று பிரமிடின் முகத்தில் துருத்திக்கொண்டு நிற்கும் கற்கள், வெளிப்பூச்சைத் தாங்கிப் பிடிக்க உள்ளே புதைந்திருந்தவை. மேலடுக்குகளில் ஒன்று பாட்ரெஸின் சொந்தக் கைவண்ணம் என்று பலர் கருதுகிறார்கள். நடுத்தெருவின் இருபுறமும் ஒழுங்காக நிற்கும் படிமேடைகளில் பெரும்பகுதி 1962 முதல் 1964 வரை நடந்த அரசுத் திட்டத்தில் சீரமைக்கப்பட்டவை. வெறும் கல்லாகத் தெரியும் இந்த ஊர் அன்று சுண்ணாம்புப் பூச்சின்மேல் சிவப்பு வண்ணத்தில் ஜொலித்தது. நாம் பார்ப்பது எலும்புக்கூட்டை. அதிலும் சில எலும்புகள் பிறகு செய்து பொருத்தியவை.

பாட்ரெஸைத் திட்டுவது எளிது, நானும் திட்டுகிறேன். ஆனால் அவர் செய்த இன்னொரு கேடு கண்ணுக்குத் தெரியாதது. பிரமிடு என்றால் அதற்குள் ஒரு பெரிய மனிதர் இருக்க வேண்டும், நகரம் என்றால் பிரமிடுதான் என்ற பார்வையை அந்த நூற்றாண்டு விழா நிலைநிறுத்திவிட்டது. அதன்பின் பல தலைமுறை ஆய்வாளர்கள் பிரமிடுகளுக்குள்ளே அரசனைத் தேடினார்கள்.

தேடிய கதை சுவையானது. 1971-இல் சூரியப் பிரமிடின் முன்படிகளுக்கு அடியில் ஒரு குழி திறந்துகொண்டது. உள்ளே, பிரமிடின் மையத்தை நோக்கி நூறு மீட்டர் அளவுக்குச் சுரங்கம். கடைசியில் நான்கு இதழ்ப் பூவைப் போன்ற அறைகள். பழங்காலத்திலேயே யாரோ புகுந்து துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மனித குலம் குகையிலிருந்து வெளிப்பட்டது என்ற மெசோஅமெரிக்க நம்பிக்கையோடு அதை இணைத்து டோரிஸ் ஹெய்டன் 1975-இல் எழுதினார். குகை இருந்ததால்தான் பிரமிடு அங்கே எழுந்தது என்ற கருத்து நெடுநாள் கோலோச்சியது. பிறகு மண்ணைப் படித்தவர்கள், அது இயற்கைக் குகை இல்லை, மனிதர் குடைந்தது என்று காட்டினார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மெக்சிகோவின் தேசியப் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் அந்தச் சுரங்கத்துக்குள் கருவி வைத்து, வானிலிருந்து வரும் மியூவான் துகள்களைக் கொண்டு பிரமிடை ஊடுருவிப் பார்த்தார்கள். ஒளிந்திருக்கும் அரசக் கல்லறை எதுவும் அகப்படவில்லை.

இரண்டாவது சுரங்கம் இன்னும் பெரிய ஆசை காட்டியது. நகரத்தின் தென்பகுதியில் 'கோட்டை' என்று ஸ்பானியர்கள் பெயரிட்ட பெரிய சதுர வளாகம் இருக்கிறது. அதற்குள் மூன்றாவது பிரமிடு, சிறகுப் பாம்பின் பிரமிடு. 2003-இல் கனமழைக்குப் பின் அதன் முன்னால் தரை உள்வாங்கியது. செர்ஜியோ கோமேஸ் என்ற தொல்லியலாளர் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்தபோது, கல்லையும் மண்ணையும் போட்டு அடைத்த சுரங்கப்பாதை ஒன்று தென்பட்டது. பத்துப் பதினைந்து மீட்டர் ஆழம், நூறு மீட்டர் நீளம். 2009 முதல் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு கூடை மண்ணாக வெளியே எடுத்தார்கள். கிடைத்தவற்றைக் கேட்டால் தலை சுற்றும்: பச்சைக்கல் சிலைகள், கரீபியக் கடற்சங்குகள், ரப்பர்ப் பந்துகள், ஜாகுவார் எலும்பு, வண்டுச் சிறகுகள். சுவரிலும் கூரையிலும் உலோகத் துகள் பூசியிருந்தார்கள். பந்த வெளிச்சத்தில் அது நட்சத்திரம் பூத்த வானமாகத் தெரிந்திருக்கும். கடைசிப் பகுதியில் திரவப் பாதரசம் கிடைத்ததாக 2015-இல் அறிவித்தபோது, பாதாள நதியைச் சித்திரித்திருக்கிறார்கள், பக்கத்திலேயே அரசன் படுத்திருப்பான் என்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. அரசன் இல்லை. ஒரு பாதாள உலகத்தையே சிறிதாகச் செய்து, மூடி, மேலே பிரமிடு எழுப்பியிருக்கிறார்கள்.

இதனால் மட்டும் "அதிகாரமே இல்லாத அன்பான ஊர்" என்று முடிவு கட்டிவிட முடியாது. அதே சிறகுப் பாம்புப் பிரமிடின் அடியிலும் சுற்றிலும் 1980-களில் ரூபன் காப்ரெரா, சாபுரோ சுகியாமா, ஜார்ஜ் கௌகில் ஆகியோர் தோண்டியபோது, கைகளைப் பின்னால் கட்டிய நிலையில் உட்காரவைத்துப் புதைக்கப்பட்ட மனிதர்கள் வரிசை வரிசையாக வெளிப்பட்டார்கள். மொத்தம் இருநூறுக்கு மேல் இருக்கும் என்பது கணிப்பு. பலர் போர்வீரர் கோலத்தில் இருந்தார்கள். மனிதத் தாடையைப் போலச் சங்கில் செதுக்கிக் கோத்த மாலை பலரின் கழுத்தில். சிலருக்கு உண்மையான தாடைகளே மாலை. எலும்பு வேதியியல், அவர்களில் பலர் வெளியூரில் பிறந்தவர்கள் என்கிறது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு கட்டடத்தின் கால்கோளுக்காக இத்தனை உயிர். சுகியாமாவின் வாதம் நேரடியானது: இத்தனை பேரைப் பலி கொடுக்கச் சொல்லும் வாய் ஒன்று இருந்திருக்க வேண்டும். அந்தப் பிரமிடின் உட்பகுதியைப் பழங்காலக் கள்வர்கள் குடைந்திருக்கிறார்கள். அவர்கள் விட்டுப்போன இடிபாட்டில் பாம்புத் தலை செதுக்கிய மரக்கோல் கிடைத்தது. அது செங்கோல் என்றால், களவாடப்பட்டது அரசனின் கல்லறையாக இருக்கலாம்.

நிலவுப் பிரமிடும் சுகியாமாவின் பக்கம்தான் பேசுகிறது. 1998 முதல் 2004 வரை அதன் உள்ளே சுரங்கம் வெட்டிப் பார்த்ததில், ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு கட்டடங்கள் இருப்பது தெரிந்தது. ஒவ்வொரு முறை பெரிதாக்கும்போதும் முந்தியதை அப்படியே விழுங்கிக் கட்டியிருக்கிறார்கள். இடையிடையே பலிக்குழிகள். பூமா, ஓநாய், கழுகு, கிலுகிலுப்பைப் பாம்பு, தலை துண்டிக்கப்பட்ட மனிதர்கள். சில விலங்குகளைக் கூண்டில் வளர்த்து உயிரோடு புதைத்திருக்கிறார்கள். ஆனால் நான்காம் நூற்றாண்டுக் குழி ஒன்றில் இருந்த மூவர் மட்டும் கை கட்டப்படாமல், சம்மணமிட்டு, மாயா அரச குலத்தார் அணிவது போன்ற பச்சைக்கல் அணிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் யார் என்பது இன்னும் புதிர்.

பிரமிடுகளை விட்டு வெளியே வந்தால்தான் எதிர்க்கட்சி வாதம் புரியும். பெரும்பாலான பயணிகள் மூன்று பிரமிடையும் படம் பிடித்துவிட்டுப் பேருந்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். வேலிக்கு வெளியே, சிற்றுண்டிச் சாலைகளுக்கும் சோற்றுக்கற்றாழை போன்ற மகேய் வயல்களுக்கும் நடுவே, தெதித்லா, அதெதெல்கோ, தெபந்தித்லா என்று சிறு சிறு இடங்கள் இருக்கின்றன. அதே சீட்டில் பார்க்கலாம், கூட்டம் இருக்காது. அவை வீடுகள்.

1960-களில் ரெனே மில்லான் தலைமையில் ஒரு குழு இந்தச் சமவெளியை வயல் வயலாக நடந்து, தரையில் கிடந்த ஓட்டுச் சில்லுகளையும் சுவர்த் தடங்களையும் குறித்து, 1973-இல் முழு நகரத்தின் வரைபடத்தை வெளியிட்டது. தொல்லியலில் அது ஒரு பெரிய காரியம். பிரமிடைத் தோண்டாமல் ஊரைப் படித்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய குடியிருப்பு வளாகங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய அறுபது மீட்டர்ச் சதுரம். வெளிச்சுவரில் சன்னல் கிடையாது. உள்ளே பல குடும்பங்களுக்கான அறைகள், நடுவே வானம் பார்த்த முற்றங்கள், முற்றத்தில் பலிபீடம், மழைநீர் வடிய மூடிய வாய்க்கால், கல்லாய் இறுகிய சுண்ணாம்புத் தரை. ஒரு வளாகத்தில் அறுபது முதல் நூறு பேர் வரை இருந்திருக்கலாம். எல்லா வளாகமும் நடுத்தெருவின் திசையையே பின்பற்றுகிறது, வடக்கிலிருந்து கிழக்கே ஏறக்குறைய பதினைந்தரைப் பாகை சாய்வு. குறுக்கே ஓடிய சான் ஹுவான் ஆற்றைக்கூட அந்தக் கட்டத்துக்கு இணங்க வளைத்துவிட்டார்கள்.

ஊரின் பெரும்பகுதி மக்கள் குடியிருந்தது இந்த வளாகங்களில்தான். பழைய உலகின் நகரங்களில் அரண்மனை கல்லாலும் குடிசை ஓலையாலும் இருப்பதுதான் வழக்கம். இங்கே களிமண் பாண்டம் வனைபவரும் சுண்ணாம்புத் தரையில் படுத்தார். அவர் வீட்டுச் சுவரிலும் சில இடங்களில் வண்ண ஓவியம் இருந்தது. வீட்டு அளவுகளை வைத்து மைக்கேல் ஸ்மித் கணக்கிட்ட ஏற்றத்தாழ்வுக் குறியீடு 0.12 தான், பூஜ்யம் என்றால் முழுச் சமம், ஒன்று என்றால் எல்லாமே ஒருவர் கையில்.

இந்தக் குடியிருப்புகள் பெருமளவில் எழுந்த காலமும் கவனிக்கத்தக்கது: மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியும் நான்காம் நூற்றாண்டும். கிட்டத்தட்ட அதே காலத்தில் சிறகுப் பாம்புப் பிரமிடின்மேல் இருந்த கோயிலை எரித்து, முகப்பின் சிற்பங்களைச் சிதைத்து, அது கண்ணில் படாதபடி முன்னால் ஒரு மேடையைக் கட்டி மறைத்திருக்கிறார்கள். இன்று அந்த மேடைமேல் ஏறி நின்று பின்பக்கமாகப் பார்த்தால்தான் பாம்புத் தலைகள் தெரியும். மறைக்கக் கட்டியதுதான் அந்த முகப்பை மழையிலிருந்து காப்பாற்றியும் கொடுத்தது. அதற்குப் பிறகு அந்த அளவில் புதுப் பிரமிடு எதையும் இந்த நகரம் கட்டவில்லை. ஒருவர் பெயரால் ஓங்கிய அதிகாரத்தை ஊர் கூடி அடக்கிவிட்டு, கோயிலுக்குப் போன உழைப்பை வீட்டுக்குத் திருப்பியது என்பது மில்லானும் கௌகிலும் வெவ்வேறு அழுத்தத்தில் சொன்ன வாசிப்பு. கலை வரலாற்றாளர் எஸ்தர் பாஸ்டோரி இன்னும் முன்னே போனார்: இந்த ஊர்க் கலையில் தனிமனித முகமே இல்லை, முகமூடிகளும் அணிகலனுக்குள் ஒளிந்த உருவங்களும்தான், மாயா அரசர்கள் தங்களைச் செதுக்கிக்கொண்ட அதே காலத்தில் இவர்கள் வேண்டுமென்றே அதைத் தவிர்த்தார்கள் என்றார். 2021-இல் டேவிட் கிரேபரும் டேவிட் வெங்குரோவும் தங்கள் நூலில் இதை எடுத்துக்கொண்டு, அரசனைத் துறந்த நகரம் என்று பெரும் வாசகர் கூட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். லிண்டா மன்சானில்யா நடுவழி நிற்கிறார். நால்வர் சேர்ந்து ஆண்டிருக்கலாம், நகரத்தின் நான்கு பகுதிகளுக்கு ஒவ்வொருவராக, என்பது அவர் கருத்து. சூரியப் பிரமிடுக்கு வடக்கே உள்ள ஷால்யா என்ற அரண்மனை வளாகத்தில் நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு திசையில் நான்கு கட்டடங்கள் நிற்பது அவருக்குத் துணை.

எனக்கு இந்தச் சமத்துவச் சித்திரம் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே சந்தேகமும் வருகிறது. சுவர் நன்றாக இருந்தால் வாழ்க்கையும் நன்றாக இருந்தது என்று ஆகிவிடாது. நகரத்தின் தென்கோடியில் தலாஹிங்கா பகுதி வளாகம் ஒன்றில் கிடைத்த எலும்புகளை ரெபெக்கா ஸ்டோரி ஆராய்ந்தார். பிறந்த சில நாளில் இறந்த சிசுக்கள் ஏராளம். வளர்ந்தவர்களின் எலும்பிலும் பல்லிலும் நோயின் தடம், ஊட்டக்குறைவின் தடம். வெளியிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தால் ஒழிய இந்த நகரம் தன் மக்கள்தொகையைக் காத்திருக்க முடியாது. வந்துகொண்டும் இருந்தார்கள். நகரத்தின் மேற்குப் பகுதியில், வஹாகாவிலிருந்து வந்த சபோதெக்குகளின் தெரு. கிழக்கே வளைகுடாக் கரைக்காரர்களின் வணிகர் குடியிருப்பு. சபோதெக்குகள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் ஊர் வழக்கப்படியே கல்லறை கட்டித் தங்கள் பாணித் தாழிகளை வைத்தார்கள். வீட்டுச் சதுரம் ஒன்றாக இருந்தாலும் அதற்குள் யார் எதைச் சாப்பிட்டார் என்பது ஒன்றாக இல்லை.

இப்போது ஆயிரம் கிலோமீட்டர் கிழக்கே போக வேண்டும். அரசன் இல்லை என்ற வாதத்துக்கு மிகப் பெரிய இடைஞ்சல் தியோத்திவாக்கானில் கிடைக்கவில்லை, இன்றைய குவாத்தமாலாக் காட்டில் கிடைத்தது. மாயா நகரமான திக்காலில் 31 எண்ணிட்ட கல்தூண் ஒன்று இருக்கிறது, 445-இல் நிறுவப்பட்டது. அதன்படி கி.பி. 378 ஜனவரி 16 அன்று சிஹ்யாஹ் காஹ்க், 'நெருப்பில் பிறந்தவன்', மேற்கிலிருந்து வந்து சேர்ந்தான். அதே நாளில் திக்கால் அரசன் 'நீருக்குள் புகுந்தான்', அதாவது செத்தான். எட்டு நாள் முன்னதாக அதே ஆள் மேற்கே எல் பெரு என்ற ஊரைக் கடந்ததற்கும் பதிவு உண்டு. அடுத்த ஆண்டு திக்காலில் புது அரசன் முடி சூடினான். அவன் தகப்பன் பெயரைக் குறிக்கும் எழுத்து, ஈட்டி எறியும் கருவி ஏந்திய ஆந்தை. ஆந்தையும் அந்தக் கருவியும் தியோத்திவாக்கான் ஓவியங்களில் அடிக்கடி வருபவை. அதே கல்தூணின் இரு பக்கங்களிலும் அந்தத் தகப்பனின் மகன் நிற்கிறான், தியோத்திவாக்கான் படைவீரன் உடையில்.

மாயா எழுத்தறிஞர் டேவிட் ஸ்டூவர்ட் 2000-இல் இதை விரித்து எழுதினார்: ஈட்டி ஆந்தை என்பவன் தியோத்திவாக்கானின் அரசன், 374-இல் பட்டத்துக்கு வந்து 439-இல் இறந்தான், தன் மகனைத் திக்கால் அரியணையில் வைத்தான். 2024-இல் தனி நூலாகவே அவனைப் பற்றி எழுதியிருக்கிறார். சரி என்றால், நூறாண்டாகத் தேடிய அரசனின் பெயர் அண்டை நாட்டுக் கல்வெட்டில் கிடைத்துவிட்டது. மறுப்பவர்களும் உண்டு: அது ஒரு பட்டமாகவோ போர்த் தெய்வத்தின் பெயராகவோ இருக்கலாம்; அவன் மாயா நிலத்துக்கு அருகேயிருந்த வேறு ஊரின் தலைவனாக இருக்கலாம்; எல்லாவற்றுக்கும் மேலாக, அரசர்களோடே வாழ்ந்து பழகிய மாயாக்காரர்கள் ஒரு பெரிய ஊரின் படைத்தலைவனையோ சபைத்தலைவனையோ தங்கள் சொல்லில் 'அரசன்' என்றே எழுதியிருப்பார்கள். கடைசி மறுப்பு எனக்கு வலுவாகப் படுகிறது. ஆனாலும் 65 ஆண்டு தலைமையில் இருந்து, மகனுக்கு வெளிநாட்டு அரியணை வாங்கிக் கொடுத்தவரைச் சபைத்தலைவர் என்று சொல்லிச் சமாதானமாவதும் சிரமம்தான்.

சமீபத் தோண்டல்கள் இந்த உறவை இன்னும் சிக்கலாக்கின. சூரியப் பிரமிடுக்கும் நிலவுப் பிரமிடுக்கும் இடையே தூண்களின் சதுக்கம் என்ற வளாகத்தில் ஒரு பெண் சிலந்திக் குரங்கின் எலும்புக்கூடு கிடைத்தது. கைகால் கட்டிப் புதைத்தது. காலம் 250-க்கும் 300-க்கும் இடையில். மலைச்சமவெளியில் வாழாத விலங்கு அது. மாயா நிலத்திலிருந்து பரிசாக வந்து, இங்கே சோளமும் மிளகாயும் தின்று இரண்டு ஆண்டாவது கூண்டில் இருந்திருக்கிறது என்று ஆய்வுக் குழு 2022-இல் எழுதியது. அதே வளாகத்தில் மாயா பாணியில் தீட்டிய உயர்தரச் சுவரோவியங்களும் இருந்தன. அங்கே மாயாப் பெருமக்கள் தங்கியிருக்க வேண்டும். பின்னர், நான்காம் நூற்றாண்டில், அந்த ஓவியங்களைச் சுக்குநூறாக உடைத்துக் குழியில் கொட்டியிருக்கிறார்கள். பரிசு கொடுத்து வாங்கிய நட்பு, ஓவியத்தை உடைக்கும் பகையாகி, 378-இல் திக்கால் வாசலில் போய் நின்றது என்று கோத்துப் பார்க்கத் தோன்றுகிறது. பேரரண்மனைகளும் வெளிநாட்டு அரசியலும் இருந்த நகரம் இது; கூட்டுக் குடித்தனம் மட்டும் நடந்த ஊர் இல்லை.

முடிவும் அரசியலாகவே வந்தது. கி.பி. 550-ஐ ஒட்டி நகரத்தின் நடுப்பகுதி எரிந்தது. எரிந்தவை கோயில்களும் அரண்மனைகளும். குடியிருப்புகளில் பெரும்பாலானவற்றைத் தீ தொடவில்லை. ஷால்யாவில் வெள்ளைக் கல் சிலை ஒன்றைத் துண்டு துண்டாக உடைத்து எறிந்திருந்தார்கள். படையெடுத்து வந்தவன் ஊரை முழுக்கக் கொளுத்துவான். இது எதை எரிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் வைத்த தீ. அதனால் உள்ளூர்க் கலகம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வறட்சி, வணிகப் பாதை கைநழுவியது, ஊருக்குள்ளேயே வளர்ந்த தெருத்தலைவர்களின் போட்டி என்று காரணங்கள் பேசப்படுகின்றன.

ஆக, அரசன் இருந்தானா? கேள்வியைக் காலத்தோடு சேர்த்துக் கேட்டால்தான் பொருள் வருகிறது என்பது என் எண்ணம். ஐந்நூறு ஆண்டு வாழ்ந்த ஊருக்கு ஒரே ஆட்சிமுறை இருந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதே பிழை. மூன்று பிரமிடும் எழுந்த கி.பி. 200-ஐ ஒட்டிய காலத்தில் ஒரு குடும்பத்தின் கையோ ஒரு கும்பலின் கையோ மிக ஓங்கியிருந்தது. இருநூறு பேரைக் கட்டி உட்காரவைத்த குழிகளுக்கு வேறு விளக்கம் கடினம். பின்னர் அந்தக் கை ஒடுக்கப்பட்டது, வீடுகள் எழுந்தன. 378-இல் மறுபடி யாரோ தலையெடுத்திருக்கிறார்கள், அவர்கள் பதவியின் பெயர் எதுவாயினும். 550-இல் அவர்களின் வாரிசுகளை ஊர் கொளுத்தியது. சுகியாமாவும் பாஸ்டோரியும் ஸ்டூவர்ட்டும் வெவ்வேறு நூற்றாண்டுகளின் சாட்சியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே தீர்ப்புக்காக வாதாடுகிறார்கள்.

இதையெல்லாம் தீர்த்துவைக்கக்கூடியது ஊரின் சொந்த எழுத்துதான். லா வெந்தில்யா என்ற குடியிருப்பில் 1990-களில் தோண்டியபோது, ஒரு முற்றத்தின் தரையில் சிவப்புக் கோட்டில் நாற்பதுக்கு மேற்பட்ட குறிகளைக் கட்டம் கட்டி எழுதியிருப்பது தெரிந்தது. எழுத்து இருந்தது, படிக்கத்தான் ஆளில்லை. பேசிய மொழி எது என்பதிலேயே ஒற்றுமை கிடையாது. தொத்தொனாக், ஒத்தோமி, நாவாட்டிலின் மூதாதை என்று பல பெயர்கள் அடிபடுகின்றன. 2025-இல் மாக்னுஸ் ஃபாராவ் ஹான்சனும் கிறிஸ்டோஃப் ஹெல்ம்கேயும் இந்தக் குறிகளை நாவாட்டிலுக்கும் அதன் உறவு மொழிகளுக்கும் பொதுவான பழைய வடிவமாகப் படிக்கலாம் என்று முன்வைத்திருக்கிறார்கள். குறிகள் சிலவே என்பதால் மற்றவர்கள் எச்சரிக்கையாக இருக்கிறார்கள்.

நகரத்தில் இன்னும் பெரும்பகுதி தோண்டப்படவில்லை. அதன்மேலேயே ஊர்களும் வயல்களும் சந்தைகளும் இருக்கின்றன. காப்பெல்லைக்குள் சட்டத்துக்குப் புறம்பாக வீடு எழும்புவதும் அரசு அதைத் தடுக்க முனைவதும் ஓயாத கதை. சூரியப் பிரமிடில் ஏறுவதற்கு 2020-இல் பெருந்தொற்றின்போது போட்ட தடை அப்படியே நீடித்தது. நிலவுப் பிரமிடின் முதல் மேடைவரை மட்டும் 2025-இல் மறுபடி திறந்துவிட்டார்கள். ஏற முடியாததில் பயணிகளுக்கு மனத்தாங்கல். எனக்கு அதில் ஒரு லாபமும் தெரிகிறது, ஏறுகிற நேரம் மிச்சமாகிறது.

அந்த நேரத்தில் சூரியப் பிரமிடின் பின்பக்கமாக நடந்து தெபந்தித்லாவுக்குப் போகலாம். அங்கே 1942-இல் வெளிப்பட்ட சுவரோவியத்தில், மழைத் தெய்வத்தின் சொர்க்கம் என்று அல்போன்சோ காசோ அடையாளம் சொன்ன காட்சி இருக்கிறது. மலையிலிருந்து நீர் பெருகி ஓடுகிறது, வண்ணத்துப்பூச்சிகள் பறக்கின்றன, சின்னஞ்சிறு மனிதர்கள் நீந்துகிறார்கள், கோலால் பந்தடிக்கிறார்கள், ஒருவர் கைகாலை நால்வர் பிடித்துத் தூக்குகிறார்கள். எவரும் எவரைவிடவும் பெரிதாக இல்லை. ஓரத்தில் ஒருவன் இலைக்கொத்து ஏந்தி அழுதுகொண்டே பாடுகிறான். அவன் வாயிலிருந்து பேச்சைக் குறிக்கும் சுருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு போகின்றன, ஒவ்வொன்றின் விளிம்பிலும் வெவ்வேறு சிறு குறிகளோடு.